வராதவரையும் அழைத்தவர்

அவர் கோழியை விரட்டும்போதும் "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். கோழிகள் இதற்கெல்லாம் மசியாது. அவர் சமையல்கட்டு வாசலில் நின்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவை காயப்போட்ட அரிசியைத் தின்று முடித்துவிட்டுத் தங்கள் விருப்பப்படி போகும். மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் சந்துப் பிள்ளைகள் இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்கென்றே வேலியோரம் வந்து நிற்பார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பி, "நீங்களாவது கொஞ்சம் வெரட்டி விடுங்கங்க" என்பார். மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கிற பையனுக்கு அந்த மரியாதை வேறெங்கே கிடைக்கும்? விழுந்தடித்துக்கொண்டு ஓடி விரட்டிவிடுவான்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. சந்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. அக்கா என்றால் அவர்தான். எந்த அக்கா என்று வெளியாள் கேட்டால் 'அழைக்கிற அக்கா' என்று சொல்வார்கள். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு என்று எந்த வீட்டில் நல்லது நடந்தாலும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்துவருவது அவர் வேலை. கூலி என்று எதுவும் வாங்கமாட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அதையும் வருகிற வழியில் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிடுவார்.

அவர் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். எங்கள் ஆட்களுக்கு அதில் ஓர் இளக்காரம் உண்டு. அவர் கட்டிக்கொண்டது படகுத்துறையில் மூட்டை தூக்குகிற ஒரு தஞ்சாவூர்க்காரரை. அதனால் அவர் வீட்டாருக்கும் மனத்தாங்கல். தமிழ் சொல்லிக்கொடுத்தது அந்த மனிதர்தான். பெண்டாட்டி யாரிடமும் பேசித் தப்பாகிவிடக்கூடாது என்று பயந்தாரோ என்னவோ, வாங்க, போங்க, உக்காருங்க, சாப்பிடுங்க என்று மரியாதைப் பேச்சை மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஏய், வாடி, போடா, சனியனே என்று நமக்கு வாயில் தானாக வருகிறதே, அந்தத் தமிழ் எதுவும் அவரிடம் கிடையாது. நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் அது தெரியாமையால் வந்த மரியாதை என்று நினைத்தால் அது நம்முடைய அறியாமை. அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. சந்தில் ஒருத்தரை ஒருத்தர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது அத்தனையும் தெரியும். காலை இழுத்து நடக்கிற கோப்பிக்கடைக்காரரை ஊரே 'நொண்டி' என்றது. 'நொண்டி கடையில ரொட்டி வாங்கிட்டு வா' என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அக்கா மட்டும் அவர் பெயரைச் சொல்லி அண்ணன் என்று சேர்ப்பார். கொஞ்ச நாளில் நானும் அப்படிச் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போன பிறகு நொண்டி என்று சொல்ல வாய் கூசியது, அவ்வளவுதான்.

எங்கள் பின்சந்தில் கக்கூஸ் வாளி எடுக்க ஒருவர் வருவார். அவர் பெயர் சின்னையா என்பதே ஒரு கல்யாணத்தின்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. வாத்தியார் வீட்டு மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். அக்கா தாம்பாளத்தோடு முன்வாசல்களையெல்லாம் முடித்துவிட்டுப் பின்சந்துக்குப் போனார். வாளியை இறக்கி வைக்கச் சொல்லி, அவர் கையில் சந்தனம் கொடுத்து, வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அழைத்துவிட்டு வந்தார். கல்யாணத்தன்று சின்னையா குளித்து, எண்ணெய் வைத்து, கஞ்சி போட்ட சட்டையில் வந்து நின்றபோது கோயில் தலைவருக்கு முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பந்தியில் உட்காரவைக்க முடியாது என்று தலைவர் வாத்தியாரை ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

அக்கா சத்தம் போடவில்லை. தலைவரிடமும் அதே குரல்தான். "நான் அழைச்சிட்டேங்க. அழைச்சிட்டா எலை போடணுங்க. போடலன்னா நான் அழைச்ச அழைப்பு எல்லாமே பொய்யாப் போயிடும்லா" என்றார். சின்னையாவுக்கும் அவர் மனைவிக்கும் இலை போட்டு, தானே தண்ணீர் தெளித்து உட்காரவைத்தார். இரண்டு பேர் எழுந்து வேறு பந்திக்குப் போனார்கள். வாத்தியார் போகவில்லை. பாயசம் வரும்போது தலைவரும் வந்து உட்கார்ந்துவிட்டார், பாயசத்தில் முந்திரி இருந்தது.

அழைத்தால் இலை போட வேண்டும். இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி எங்கள் சந்தை எத்தனையோ இடங்களில் திருத்தினார். அதே சட்டத்தை வைத்து என்னை என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பதினாறு வயதில் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்தவள். என்னைக் கட்டியவர் மாட்டு வண்டி ஓட்டினார். பெயர் பெருமாள். அப்போதெல்லாம் சொல்லமாட்டேன், இப்போது சொல்லலாம். ஜப்பான்காரன் காலம். கல்யாணப் புடவையின் மடிப்புக்கூடக் கலையவில்லை, ஒரு நாள் பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவரை அப்படியே லோரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ரயில் பாதை போடுகிறார்களாம். மலாக்காவில் இருந்த தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனவர்களுக்கு மனிதர்கள் எம்மாத்திரம்? அதே லோரியில் அக்காவின் வீட்டுக்காரரும் போனார். எங்கள் சந்திலும் பக்கத்துச் சந்திலுமாக இன்னும் நாலைந்து பேர் போனார்கள். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. செய்தியும் இல்லை.

உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் காரியம் செய்ய முடியாது. காரியம் செய்யாதவள் தாலியைக் கழற்ற முடியாது. தாலி கழுத்தில் இருக்கிறது, ஆனால் நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தவும் ஊருக்குத் தயக்கம். எங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஊர் தானாக ஒரு பெயர் கண்டுபிடித்தது. சயாம்காரி. 'சயாம்காரி எதிர்ல வர்றா, கொஞ்சம் நின்னு போ' என்று பெண்பிள்ளைகளிடம் சொல்வார்கள். என் பெயரை மறந்தே போனார்கள். வளையல்காரன்கூட அப்படித்தான் கேட்டான். அக்காவை மட்டும் யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவர் வந்து அழைப்பது ஊருக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அந்த நாட்களில் ஒரு சடங்குக்கு அழைக்க அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தார். கெபாயாச் சட்டையும் சாரோங்கும், தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. நான் வழக்கம்போல் உள்ளே ஒதுங்கினேன். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குங்குமச் சிமிழை என் பக்கம் நீட்டி, எல்லா வீட்டிலும் சொல்வதை அப்படியே எனக்கும் சொன்னார்.

"பெருமாள் வீட்டம்மா, வந்துடுங்க. வீட்டுக்காரரையும் அழைச்சிட்டு வந்துடுங்க."

நான் அழுதேன். ஊரில் ஒரு ஆளாவது என்னை ஒரு மனிதனின் மனைவி என்று நினைக்கிறாரே என்ற சந்தோஷத்தில் அழுதேன். குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கண்ணாடி பார்த்தேன். விருந்துக்குப் போனால், என் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போட்டிருந்தது. தண்ணீர் தெளித்திருந்தது. யாரோ பந்தியில் இடமில்லாமல் அங்கே உட்கார வந்தபோது அக்கா மெதுவாகத் தடுத்து, "அது பெருமாள் அண்ணனுக்குங்க" என்றார். வந்தவர் விலகிப்போனார். பரிமாறுகிறவர் அந்த இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனார். நான் சாப்பிட்டேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் அந்த வெற்று இலை விளிம்பு காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

மற்றச் சயாம்காரிகளுக்கும் அப்படித்தான் இலை போட்டார். தனக்கும் போட்டுக்கொண்டார். கடைசிப் பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகுதான் அவர் உட்காருவார், பக்கத்தில் ஓர் இலை இருக்கும்.

முதலில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த கல்யாணத்திலும் அடுத்ததற்கடுத்த கல்யாணத்திலும் இலை போட்டார்கள். வழியில் பார்த்தாலும் விடமாட்டார். "பசியாறிட்டீங்களா? வீட்டுக்காரர் நல்லா இருக்காங்களா?" நான் இருக்கார் அக்கா என்பேன். வேறென்ன சொல்ல? இப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சோறு வடிக்கும்போது ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுவேன். வாசல் சடக்கில் மாட்டுவண்டி ஓடுகிற சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்ப்பேன், எங்கள் மாடுகளைப் பஞ்சத்தில் மரவள்ளிக்கிழங்குக்கு விற்று எத்தனையோ காலமாகியிருந்தது. வீட்டுக்காரர் முகம் எனக்கு மறந்துவிட்டது. அந்தப் பச்சை இலைதான் ஞாபகம் வரும். எங்கள் சந்தில் வராத மனிதர்கள் குடியிருந்தார்கள். அவர்களை அழைத்துவந்து உட்காரவைத்தது அக்காவின் நாக்கு. எனக்குப் பயமாக இருந்தது, இதை யாரிடமும் சொன்னதில்லை.

என் அண்ணன் அண்ணியோடு ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து எனக்குத் துணையாகக் குடியிருந்தார். நான் ஒரு தையல்கடையில் சேர்ந்தேன். சுதந்திரம் வரப்போகிற வருஷம். கடையில் பள்ளிக்கூடச் சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கோடு கோடாகக் கொடி தைத்துக்கொண்டிருந்தோம். சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் மாற்றி மாற்றிக் கண்ணில் ஓடும். அப்போதுதான் அவர் வந்தார், இப்போது என் வீட்டில் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறவர். செமாபோக்கில் இருந்து வருகிற பஸ்ஸுக்கு டிரைவர். மனைவி இறந்தவர். காக்கிக் கால்சட்டை அளவு சரியில்லை என்று வந்தார், சரிசெய்து கொடுத்தேன், மறுபடியும் சரியில்லை என்று வந்தார். ஒரு கால்சட்டை அத்தனை தடவை சரியில்லாமல் போகுமா? கடைப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முப்பது வயது ஆகியிருந்தது. நானும் சிரித்தேன்.

அவர் ஒளித்து மறைத்துப் பேசுகிறவர் இல்லை. அண்ணனிடம் நேராக வந்து கேட்டார். அண்ணனுக்குச் சம்மதம். ஆனால் டிரைவரின் அம்மா, அடுத்தவன் பெண்டாட்டியை வீட்டுக்குள் கூட்டிவரமாட்டேன் என்றுவிட்டார். செத்துப்போனவன் மனைவி என்றால் பரவாயில்லை, முறைப்படி காரியம் செய்து ஊர் ஒப்புக்கொள்ளட்டும், தை மாதத்துக்குள் முடியவில்லை என்றால் தம்பி மகளைக் கட்டிவைக்கப் போகிறேன் என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டது நியாயம்தான்.

அண்ணன் கோயில் தலைவரிடம் போனார். நானும் போய் ஓரமாக நின்றேன். தலைவர் எதற்கும் தடை சொல்லவில்லை. தாராளமாகச் செய்யலாம் என்றார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"போன மாசம் வாத்தியார் வீட்ல சின்னப் பொண்ணு கல்யாணம். உங்க மாப்பிள்ளைக்கு எலை போட்டிருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன். விருந்துக்கு அழைக்கிற ஆளுக்குக் கருமாதி பண்ணுனா ஊரு சிரிக்காதா? அந்த அம்மா வந்து வீடு வீடாச் சொல்லட்டும், ஆளு செத்துப்போச்சுன்னு. அவங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

சின்னையாவின் இலைக்கு அவர் பழி தீர்த்துக்கொள்கிறாரோ என்று அப்போது நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. சந்தில் யாரைக் கேட்டாலும் பெருமாள் இன்னும் விருந்தாளிதான். என் கழுத்தில் இருந்த தாலி இப்போது அக்காவின் வாயில் இருந்தது.

மறுநாள் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அம்மியில் இறால் பெலாச்சானும் மிளகாயும் அரைத்துக்கொண்டிருந்தார். வாங்க என்று மணைக்கட்டையை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டிரைவரைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் நன்றாக மலர்ந்தது. நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்றதும் அரைப்பது நின்றது.

"என்னங்க சொல்லணும்?"

"அவர் இல்லன்னு சொல்லணும் அக்கா."

அவர் எழுந்து கை கழுவினார். செம்புத் தண்ணீர் தீர்ந்த பிறகும் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நல்ல காரியத்துக்குத்தான் தான் போவது வழக்கம், இழவு சொல்ல வேறு ஆள் இருக்கிறார்கள் என்றார். வேறு யார் சொன்னாலும் ஊர் நம்பாது, இத்தனை வருஷமாக இலை போட்டது நீங்கள்தானே என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொஞ்ச நாள் குடுங்கங்க" என்றார்.

கொடுத்தேன். கார்த்திகை முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அவர் வீட்டில் பெண் பார்க்கிற பேச்சு மும்முரமாகிவிட்டது என்று கடைப் பெண்கள் சொன்னார்கள். நான் அக்காவின் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்து நடப்பேன். அவர் வெளியே வரமாட்டார். ஒரு மனுஷிக்கு ஒரு வார்த்தை சொல்வதில் இவ்வளவு கஷ்டமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் புருஷனும் அதே லோரியில் போனவர்தானே, என்னுடையவர் இல்லை என்றால் அவருடையவரும் இல்லை என்று ஆகிவிடும், அதற்குத்தான் தயங்குகிறார் என்று கணக்குப் போட்டேன். பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவத்துக்காக என் வாழ்க்கையைக் கொடுக்க முடியாது என்றும் இருந்தது.

ஒரு காலையில் மழை விட்டிருந்தது. அக்கா வெளியே வந்தார். கையில் தாம்பாளம் இல்லை. தலையில் பூ இல்லை. நான் எங்கள் வேலிக்குள் நின்று பார்த்தேன். முதல் வீட்டின் படலுக்கு வெளியே நின்றார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டார்கள், போகவில்லை. ஏதோ சொன்னார். அந்த வீட்டுப் பெண் கையை வாயில் வைத்துக்கொண்டாள். இழவு சொல்ல வந்தவர் வீட்டுக்குள் போகமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார், போய் வருகிறேன் என்று சொல்லமாட்டார். அக்காவுக்கு அந்த முறையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ, ஒன்றும் தவறவில்லை. கோப்பிக்கடை, வாத்தியார் வீடு, தலைவர் வீடு, பின்சந்தில் சின்னையாவிடம்கூடச் சொன்னார். எல்லா வீட்டையும் முடித்துவிட்டு, செய்தியே சொல்லத் தேவையில்லாத வீட்டுக்கு வந்து நின்றார்.

நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்ற வார்த்தையைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

"பெருமாள் அண்ணன் காலமாயிட்டாங்கங்க," என்றார். "பேதிங்க. ஆத்தோரம் ஒரு கேம்ப். கடைசி வரைக்கும் நெனப்பு இருந்துச்சாம். மாட்டை மட்டும் வித்துடவேணாம்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்களாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஊருக்குச் சொல்வதற்காகக் கட்டிய கதையோ என்று பார்த்தேன். பிறகு மாடு என்றது காதில் விழுந்தது. எங்கள் மாட்டைப் பற்றி எவருக்குத் தெரியும்?

யார் சொன்னது என்று கேட்டேன். சயாமிலிருந்து உயிரோடு வந்த ஒருவர் மூவாருக்குப் போகிற வழியில் இரண்டு வீட்டு அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு வந்தாராம். அக்காவின் வீடுதான் முதலில் வந்தது. சோறு போட்டாராம். அடுத்த வீட்டுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று அனுப்பிவைத்தாராம்.

"எப்ப?"

"வெள்ளக்காரங்க வந்த மறு வருஷங்க. உங்க அண்ணன் இந்த வீட்டுக்குக் கூரை மாத்துனாங்களே, அப்ப."

அண்ணன் கூரை மாற்றியபோது எனக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். பிள்ளைகள் பெற்றிருப்பேன். அத்தனை இலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கமாட்டேன். நல்லா இருக்காங்களா என்று அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் ஆற்றோரம் குழிக்குள் இருக்கிற ஆளைத்தான் கேட்டிருக்கிறார்.

அவரை அதுவரை நான் அக்கா, நீங்க என்று மட்டுமே பேசியிருந்தேன். அன்று என் வாயில் வந்தது வேறு.

"தெரிஞ்சே கேட்டியாடி?"

"ஆமாங்க."

"ஏன்டி?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "உங்களுக்குச் சின்ன வயசுங்க. அறுதலின்னு கூப்புடுவாங்க. அந்தச் சொல்ல உங்க மேல போட என்னால முடியலங்க. நான் சொன்னாத்தானே ஊரு கூப்புடும், நான் சொல்லலன்னா கூப்புட மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"உன் புருஷன்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே குழிதாங்க."

நான் போடி என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அண்ணி வந்து என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். திரும்பிப் பார்த்தபோது அவர் போய்க்கொண்டிருந்தார். கோழி ஒன்று குறுக்கே வந்தது, நின்று அது போகும்வரை காத்திருந்துவிட்டுப் போனார்.

காரியம் நடந்தது. தாலியைக் கழற்றிப் பால்கிண்ணத்தில் போட்டார்கள். அந்த வாரமே கீரைக்காரி என்னைக் காட்டி அறுதலி என்றாள், கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தும் சொன்னாள். காது கொதித்தது. அக்கா இதற்குத்தான் பயந்தார் என்று அந்த நிமிஷம் தெரிந்தது, அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

அவர் யோசிக்காத ஒன்றும் நடந்தது. எனக்குச் சொன்னபோதே தனக்கும் சொல்லிக்கொண்டார் அல்லவா? ஒரே குழி என்பது அண்ணி மூலம் அன்று மாலைக்குள் சந்து முழுவதும் தெரிந்துவிட்டது. தெரிந்தே பொட்டும் பூவும் வைத்துக்கொண்டு தாம்பாளம் தூக்கியிருக்கிறாள் என்று பெண்கள் பேசினார்கள். தூக்கியிருக்கிறாள். அவர் எத்தனை பேருக்கு எத்தனை வருஷம் 'ங்க' போட்டுப் பேசினார்? ஒருத்தி வாயிலும் அது திரும்பி வரவில்லை. தலைவர் மனைவி அவர் வீட்டுக்கே போய், கோயிலுக்குச் சொந்தமான தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்க அண்ணி வேறு ஒருத்தியை ஏற்பாடு செய்தாள். அவள் அக்காவின் வாசலை மட்டும் தாண்டிப் போனாள் என்று கேள்விப்பட்டு, மணப்பெண் வெளியே போகக்கூடாது என்ற முறையையும் மீறி நானே சந்தனக் கிண்ணத்தோடு போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். கதவு பூட்டியிருந்தது. பிறந்த வீட்டு ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பிறந்த வீடு ஒன்றும் கடல் தாண்டி இல்லை. செட்டிகள் குடியிருக்கிற கம்போங் எங்கள் சந்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் செமாபோக்குக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்று, மாமியாருக்குப் பணிவிடை செய்து என்று காலம் ஓடிவிட்டது. இரண்டு மூன்று வருஷம் கழித்து, மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாசாரில் மீன் வாங்கும்போது அவரைப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. கெபாயா மட்டும் அதே கெபாயா. என்னோடு வந்திருந்த என் வீட்டுக்காரருக்கு அவர் யார் என்று தெரியாது. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அக்கா என்று கூப்பிட்டேன். எப்படி இருக்கீங்க அக்கா என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். சிரித்துக்கொண்டே, மலாயில், "தமிழ் தெரியாதும்மா" என்றார்.

நான் மறுபடியும் தமிழில் பேசினேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார், கடைக்காரரிடம் சொல்வதுபோலப் பணிவாகச் சொன்னார். சந்தை விட்டுப் போன நாளிலிருந்து அவர் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பிறகு கோப்பிக்கடை அண்ணன் சொன்னார். எங்கள் பெண்கள் அவரைப் பற்றிப் பேசிய தமிழும், அன்று படலருகில் நான் பேசிய தமிழும் அவர் மேலேயே விழுவது புதுசு. அந்தத் தமிழைக் கேட்ட பிறகு, புருஷன் கொடுத்த தமிழையும் சேர்த்து மூடிவைத்துவிட்டார் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் யார் அது என்று கேட்டபடி பையை வாங்கிக்கொண்டார். அக்கா அவருக்கும் தலையை ஆட்டிவிட்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். என் பத்து வருஷத்தை எடுத்துக்கொண்டவர் அவர், என் பெயரை எனக்குத் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த மலாய், மீன் விலை கேட்கிற அளவுக்குத்தான் இருந்தது.